ராசியில்லாத கை என்று ஒன்று உண்டா?

"அவளுக்குக் கைராசி அப்படி. தொட்டதெல்லாம் துலங்கும்!"

"இவ கையிலே ராசியே இல்லேம்மா. எதை எடுத்தாலும் நஷ்டந்தான்."

இந்த இரண்டு பேச்சையும் கேட்காத பெண்கள் நம்மில் யாராவது உண்டா? முதல் பேச்சைக் கேட்டுப் பூரித்தவர்கள் சிலர். இரண்டாவதைக் கேட்டு, அதையே உண்மை என்று நம்பி, அடுப்படிக்குள் ஒடுங்கிக்கொண்டவர்கள் பலர்.

அப்பளம், வடகம், ஊறுகாய், கருவாடு, தையல், சிறு பலகாரக் கடை என்று வீட்டிலிருந்தபடியே ஏதாவது செய்து நாலு காசு பார்க்க வேண்டும் என்ற ஆசை இன்று எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறது. ஆரம்பிக்கிறவர்களும் நிறையப் பேர். ஆனால், முதல் நஷ்டம் வந்ததும் முக்கால்வாசிப் பேர் சொல்வது, "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்பதுதான்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு பேசப் போகிறேன்.

நம் சமையலறையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொள்கிறது. நாம் என்ன செய்கிறோம்? "எனக்குத் தோசை ராசியில்லை" என்று கரண்டியைப் போட்டுவிட்டா போகிறோம்? "கல் காயலை" என்கிறோம். இல்லாவிட்டால், "மாவு நீர்த்துப்போச்சு" என்கிறோம். வெங்காயத்தை வெட்டி எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்க்கிறோம், தீயைச் சரிசெய்கிறோம், அடுத்த தோசையை வார்க்கிறோம். எது பிசகியது என்று பார்த்து அதை மட்டும் மாற்றுகிறோம். தோசைக்கு இருக்கும் இந்தப் புத்தி தொழிலுக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

வளரும் மனம்

அமெரிக்காவில் கரோல் டுவெக் என்று ஒரு மனோதத்துவப் பேராசிரியை இருக்கிறார். மனிதர்களின் மனப்போக்கை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். "என் திறமை இவ்வளவுதான், பிறக்கும்போதே அளந்து வைத்தாயிற்று" என்று நினைப்பது ஒன்று. "பழகப் பழகத் திறமை வளரும்" என்று நினைப்பது மற்றொன்று. இதைப் பற்றி 2006-ல் அவர் எழுதிய புத்தகம் உலகம் முழுவதும் பேசப்பட்டது.

அவரும் அவருடைய சக ஆய்வாளரும் 1998-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை, தாய்மார்களான நமக்கு மிகவும் உபயோகமானது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் நன்றாகச் செய்ததும் சிலரிடம், "நீ ரொம்பப் புத்திசாலி" என்றார்கள். வேறு சிலரிடம், "நீ நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்" என்றார்கள். அடுத்து, வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு மறுபடியும் முதலில் கொடுத்ததைப் போன்ற புதிர்களையே கொடுத்தார்கள்.

என்ன ஆயிற்று தெரியுமா? "புத்திசாலி" என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் ஒரு முறை தோற்றதுமே துவண்டுவிட்டார்கள். முன்னால் வாங்கிய மதிப்பெண்கூட அவர்களுக்கு வரவில்லை. "முயற்சி" என்று பாராட்டப்பட்டவர்களோ முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். அதுமட்டுமில்லை. மதிப்பெண் எவ்வளவு என்று எழுதச் சொன்னபோது, புத்திசாலிகளில் பலர் கூட்டி எழுதிப் பொய் சொன்னார்கள்! தோற்றால் அந்தப் பெயர் போய்விடுமே என்ற பயம்.

இந்தப் புத்திசாலிப் பட்டமும் நம் ஊர்க் கைராசிப் பட்டமும் ஒன்றுதான், சகோதரிகளே. ராசிக்காரி என்று பெயர் வாங்கியவள் அதைக் காப்பாற்றப் பயப்படுகிறாள். ராசியில்லாதவள் என்று பெயர் வாங்கியவள் முயற்சி செய்யவே பயப்படுகிறாள். பட்டம் இரண்டு பேரையுமே கட்டிப் போட்டுவிடுகிறது.

நம் ஜில்லாவில் ஓடிய சைக்கிள்

இதற்கு அமெரிக்கா வரை போவானேன்? எங்கள் புதுக்கோட்டை ஜில்லாவிலேயே அருமையான பாடம் இருக்கிறது.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் விடவும் சொல்லிக்கொடுத்தார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள் என்று ஜில்லா முழுவதும் பெண்கள் சைக்கிளைப் பிடித்தார்கள். 1992-ம் வருஷ மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

விழாமல் சைக்கிள் கற்றுக்கொண்ட பெண் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? முழங்காலில் காயம் பட்டவள், "எனக்குச் சைக்கிள் ராசி இல்லை" என்று நினைத்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். "இந்தப் பக்கமாகச் சாய்ந்தேன், அதனால் விழுந்தேன்" என்று நினைத்தவள் மறுநாள் ஓட்டினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் விளைபொருளைத் தானே கொண்டுபோய் விற்றாள். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பெண்கள் தனியாக விழவில்லை. பக்கத்தில் நாலு பேர் பிடித்துக்கொள்ள இருந்தார்கள். கேலி பேசியவர்கள் இருந்தாலும், கூட ஓடி வந்தவர்களும் இருந்தார்கள். தோல்வியிலிருந்து பாடம் கற்க மனம் மட்டும் போதாது; பிடித்துக்கொள்ளக் கையும் வேண்டும்.

நின்றுபோன நாலு மாதம்

அப்பளக் கட்டின் மேல் "லிஜ்ஜத்" என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அதன் கதையில் எல்லாரும் சொல்வது வெற்றியைத்தான். எனக்குப் பிடித்தது அதன் முதல் வருஷம்.

1959-ம் ஆண்டு மார்ச் 15. பம்பாய் கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏழு குடும்பப் பெண்கள் கூடினார்கள். கடனாக வாங்கிய 80 ரூபாய்தான் முதல். அன்று தயாரானது நாலே நாலு பாக்கெட் அப்பளம்! தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்து விற்றார்கள். நஷ்டம் வந்தாலும் நன்கொடை என்று யாரிடமும் கை நீட்டுவதில்லை என்பது அவர்களுடைய தீர்மானம்.

மழைக்காலம் வந்தது. பம்பாய் மழை என்றால் கேட்க வேண்டுமா? அப்பளம் காயவில்லை. நாலு மாதம் தொழிலையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆரம்பித்த வருஷத்திலேயே மூன்றில் ஒரு பங்கு நாள் வருமானம் இல்லை! "ஆரம்பமே அபசகுனம்" என்று சொல்லிக் கலைந்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அடுத்த வருஷம் மழைக்கு முன்பே ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே ஸ்டவ்வை வைத்தார்கள். வெளியே மழை கொட்ட, உள்ளே அப்பளம் காய்ந்தது!

பெரிய இயந்திரமில்லை, பெரிய படிப்புமில்லை. "நாம் தோற்றோம்" என்பதற்குப் பதிலாக, "அப்பளம் காயவில்லை" என்று சொன்னார்கள். பிரச்சினையைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் பரிகாரமும் கிடைத்தது. பின்னால் அந்த ஸ்தாபனம் வளர்ந்து, 45,000 பெண்களுக்கு வேலை தரும் அளவுக்கு வந்தது. ஆரம்பித்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஒரே ஒரு காபி

நம் சென்னையிலும் ஒரு பெண்மணி உண்டு. பெட்ரீஷியா நாராயண். ஊறுகாய், ஜாம் செய்து விற்றுக்கொண்டிருந்தவர், 1982-ல் மெரினா கடற்கரையில் ஒரு தள்ளுவண்டி போட்டார். முதல் நாள் முழுவதும் நின்று அவர் விற்றது ஒரே ஒரு காபி. 50 பைசா!

அழுதுகொண்டே வீடு திரும்பியவரை, "ஒன்றாவது விற்றதே, நாளைக்குப் பார்" என்று தாயார் தேற்றினாராம். மறுநாள் விற்பனை அறுநூறு, எழுநூறு ரூபாய். வண்டி அதேதான், கையும் அதேதான். ஒரு நாளில் ராசி மாறிவிட்டதா என்ன? ஒரு நாள் வியாபாரத்தை வைத்துத் தொழிலை எடை போடக் கூடாது என்பதுதான் இதிலுள்ள பாடம். பிற்பாடு அவர் கேன்டீன்களும் ஹோட்டல்களும் நடத்தி, 2010-ல் சிறந்த பெண் தொழில்முனைவோர் என்று ஃபிக்கி அமைப்பின் விருதும் பெற்றார்.

எங்கள் ஊர்க் கருவாட்டுக் கணக்கு

பெரியவர்கள் கதை இருக்கட்டும். எங்கள் மீமிசலில் நடந்த ஒரு சின்னக் கதையைச் சொல்கிறேன். இதில் விருதும் இல்லை, ஹோட்டலும் இல்லை. ஆனால் நம் எல்லாருக்கும் பொருந்தும்.

மீமிசல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் சிறிய ஊர். வடக்கே கோட்டைப்பட்டினம், தெற்கே தொண்டி. மீனுக்கும் கருவாட்டுக்கும் குறைவில்லாத கரை. எங்கள் பக்கத்துத் தெருவில் எனக்கு வேண்டிய அக்கா ஒருவர். பெயர் வேண்டாம், அக்கா என்றே வைத்துக்கொள்வோம். காதுத் தோட்டை அடகு வைத்து நெத்திலிக் கருவாடு போட்டார். புரட்டாசிக் கடைசியில் ஆரம்பித்தார். ஐப்பசி மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. மணலில் காயப்போட்ட மீனில் பாதிக்கு மேல் நனைந்து, புழு வைத்து, நாறிப்போயிற்று.

"ராசியில்லாத கைன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் மாமியார். "உனக்கெதுக்கு இந்த வேலை?" என்றார் கணவர். அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. வெறும் காதோடு வெளியே வர வெட்கப்பட்டுக்கொண்டு, குழாயடிக்குக்கூட மகளைத்தான் அனுப்பினார்.

நான் போய்ப் பார்த்தபோது, "எல்லாம் மழையாலே போச்சு தங்கச்சி. என் நேரம்" என்றார்.

"சரிக்கா, அந்த நேரத்தைக் கொஞ்சம் எழுதிப் பார்ப்போமா?" என்று மகளின் பழைய நோட்டை வாங்கினேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன்.

பச்சை நெத்திலி 40 கிலோ, கிலோ 80 ரூபாய் வீதம் 3,200. உப்பு 100. ஆட்டோ 300. பை, சாக்கு 200. ஆக மொத்தச் செலவு 3,800 ரூபாய்.

"எத்தனை கிலோ கருவாடு வரும்னு நினைச்சீங்க?"

"காஞ்சா பாதியாவது வராதா? இருபது கிலோ வரும்னு நினைச்சேன். கிலோ முந்நூறுன்னு கடையிலே சொல்லி வச்சிருந்தேன். ஆறாயிரம் ரூபா!"

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மீனில் முக்கால் பங்கு தண்ணீர். நாலு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கருவாடுதான் நிற்கும். 40 கிலோவுக்கு 10 கிலோ. கிலோ முந்நூறு என்றால் கிடைப்பது 3,000 ரூபாய். செலவோ 3,800!

"அக்கா, ஒரு சொட்டு மழை பெய்யாம இருந்திருந்தாலும் உங்களுக்கு எண்ணூறு ரூபா நஷ்டம்."

அக்கா நோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மீதி நின்ற நல்ல கருவாடு 4 கிலோ. அது 1,200 ரூபாய்க்கு விற்றது. மொத்த நஷ்டம் 2,600. அதில் 1,800 மழைக் கணக்கில், 800 விலைக் கணக்கில். ஊர் முழுவதும் மழையைத்தான் பேசியது. மாமியார் ராசியைப் பேசினார். அந்த எண்ணூறு ரூபாயைப் பற்றி யாரும் பேசவில்லை! அடுத்த முறை நல்ல வெயிலில் போட்டு, மறுபடியும் நஷ்டம் வந்திருந்தால், அப்போது ராசிதான் காரணம் என்று அக்காவே நம்பியிருப்பார்.

"அப்ப என் கையிலே கோளாறு இல்லையா?" என்று கேட்டார்.

"கையிலே இல்லேக்கா, கணக்கிலே."

அந்தப் பதிலில் அவருக்குத் துக்கம் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. தோடு அடகுக் கடையில்தானே இருந்தது? ஆனால் அன்று ராத்திரி சாப்பிட்டார்.

மாசி மாதம் மறுபடியும் ஆரம்பித்தார். இந்தத் தடவை 10 கிலோ மட்டும். கடன் கிடையாது. மீன் 800, உப்பு 25, பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு போட்ட ஆட்டோ 75, பை 50. மொத்தம் 950 ரூபாய். மணலில் போடவில்லை. இடுப்பு உயரத்துக்கு மூங்கில் பரண் கட்டி, கழித்துப்போட்ட பழைய வலையை விரித்து அதன்மேல் பரப்பினார். கீழிருந்தும் காற்று பட்டதால் சீக்கிரம் காய்ந்தது. மணலும் ஒட்டவில்லை, மேலே இன்னொரு வலை போட்டதால் ஈயும் காகமும் அண்டவில்லை.

கடைக்காரர் பழைய விலைக்கு மேல் தர மாட்டேன் என்றார். ஆகவே நூறு கிராம் பாக்கெட் போட்டு, 50 ரூபாய் வீதம் தெரிந்த வீடுகளில் கொடுத்தார். மணல் இல்லாத கருவாடு என்றதும் வாங்கினார்கள். இரண்டரைக் கிலோ, 25 பாக்கெட், 1,250 ரூபாய். மிச்சம் 300.

"முந்நூறு ரூபாய் ஒரு வருமானமா?" என்று கேட்பீர்கள். தன் உழைப்புக்குக் கூலி போட்டால் அதில் ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் அக்காவுக்கு இப்போது இரண்டு விஷயம் தெரியும். ஒரு கிலோ கருவாட்டுக்குத் தனக்கு என்ன அடக்கம் ஆகிறது என்பது ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது பச்சை மீன் குறையும், அதற்கு முன் மாசி, பங்குனி வெயிலிலேயே போட்டு வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஐப்பசி, கார்த்திகையில் கருவாட்டுப் பக்கமே போவதில்லை. தோட்டை மீட்க அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. இன்றும் அவர் பெரிய முதலாளி இல்லை. ஆனால் நஷ்டத்தில் இல்லை.

(கருவாடு போடும் சகோதரிகளுக்கு இடையில் ஒரு வார்த்தை: ஈக்குப் பயந்து சிலர் பூச்சி மருந்து தெளிக்கிறார்கள். அது சாப்பிடுகிறவர்களுக்கு விஷம். வலைதான் சரியான வழி.)

நோட்டில் எழுத வேண்டிய ஐந்து கேள்விகள்

தொழிலில் அடி விழுந்தால் முதல் இரண்டு நாள் அழுகை வரும். அழுதுவிடுங்கள், தப்பில்லை. அதற்குப் பிறகு ஒரு நோட்டை எடுத்து இந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். மனதுக்குள்ளேயே யோசித்தால் ராசியும் நேரமும்தான் வந்து நிற்கும். தாளில் எழுதினால் காரணம் வரும்.

1. எந்த இடத்தில் போயிற்று? சரக்கிலா, செய்முறையிலா, விலையிலா, விற்ற இடத்திலா, கடன் கொடுத்ததிலா? கோவை முருகானந்தம் குறைந்த விலையில் நாப்கின் செய்யப் பஞ்சை வைத்துப் பார்த்துத் திரும்பத் திரும்பத் தோற்றார். பெரிய கம்பெனி நாப்கினில் இருப்பது மரக்கூழிலிருந்து எடுத்த நார் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எண்ணத்தில் குற்றமில்லை, பொருளில்தான் பிசகு. 2016-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

2. இதில் எவ்வளவு என் கையில் இருந்தது, எவ்வளவு இல்லை? மழை நம் கையில் இல்லை. எந்த மாதத்தில் ஆரம்பிப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

3. ரூபாயில் எவ்வளவு? "நிறையப் போச்சு" என்று எழுதாதீர்கள். எந்தக் காரணத்தால் எவ்வளவு என்று தனித்தனியாகப் போடுங்கள். உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி எழுதுங்கள்.

4. வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள்? "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி வாங்காதவர்தான் சரியான ஆசிரியர். கூச்சப்படாமல், "என்ன குறைங்க்கா?" என்று கேளுங்கள். மனம் சுருக்கென்றாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

5. அடுத்த முறை எந்த ஒன்றை மாற்றப் போகிறேன்? ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. ஒன்றிரண்டை மட்டும் மாற்றுங்கள். முதலில் போட்டதில் கால் பங்கு அளவில் செய்து பாருங்கள்.

பத்திரமாக விழக் கற்றுக்கொள்ளுங்கள்

தோல்வி பாடம் சொல்லும் என்பது உண்மைதான். ஆனால் பாடத்துக்குக் கட்டுகிற சம்பளம் நம் சக்திக்குள் இருக்க வேண்டும். ஆகவே சில எச்சரிக்கைகள்:

முழுவதும் போனாலும் வீட்டில் உலை கொதிக்கும் என்கிற அளவு பணத்தை மட்டும் முதல் முயற்சியில் போடுங்கள். நகையை முதல் படியிலேயே அடகு வைக்காதீர்கள். கந்து வட்டியைக் கனவிலும் நினைக்க வேண்டாம். ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவில் சேர்ந்தால் வட்டியும் குறைவு, சைக்கிளைப் பிடித்துக்கொள்ள நாலு கையும் கிடைக்கும். உணவுப் பொருள் விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் ஒரே சுருக்குப் பையில் போடாதீர்கள். தனி டப்பா, தனி நோட்டு. எண்ணெய் வாங்கவும் பிள்ளையின் பீஸ் கட்டவும் அதிலிருந்தே எடுத்தால், லாபமா நஷ்டமா என்பது கடவுளுக்குக்கூடத் தெரியாது!

விடாப்பிடியாக ஒன்றையே பிடித்துக்கொண்டிருப்பதும் வளரும் மனம் இல்லை. அப்பளத்தில் கொடிகட்டிப் பறந்த அதே லிஜ்ஜத் பெண்கள் 1979-ல் தோல் பொருளும் தீப்பெட்டியும் செய்து பார்த்தார்கள். ஊதுவத்தியிலும் இறங்கினார்கள். அவை சரிப்பட்டு வரவில்லை. அதற்காக அப்பளக் கை ராசியிழந்துவிடவில்லையே! தொடங்கும்போதே, "இத்தனை முயற்சி, இத்தனை ரூபாய், அதற்கு மேல் இல்லை" என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அந்தக் கோட்டைத் தொட்டால் நிறுத்துங்கள். கற்றது உங்களோடு வரும்; அடுத்த தொழிலுக்கு உதவும்.

மனசும் உடம்பும்

நஷ்டம் வந்த வீட்டில் முதலில் கெடுவது தூக்கம், பிறகு சாப்பாடு. கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள். அம்மாவோ அக்காவோ சிநேகிதியோ ஒருவரிடமாவது மனம் விட்டுச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையும், எதிலும் பிடிப்பில்லாத சோர்வும் இருந்தால் டாக்டரிடம் போவதில் வெட்கமே வேண்டாம். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் இலவச மனநல ஆலோசனை எந்த நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் கூப்பிடுங்கள்.

கணவருக்கும் மாமியாருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை அவர்கள் கண்ணில் படும்படி திறந்து வையுங்கள்! நஷ்டப்பட்டு நிற்கும் பெண்ணிடம், "அப்பவே சொன்னேனே" என்பதால் ஒரு ரூபாயும் திரும்பி வராது. "எங்கே பிசகிச்சு, வா பார்க்கலாம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தால் பாதிப் பாரம் குறையும்.

பிள்ளைகளுக்கும் தெரியாமல் மறைக்காதீர்கள். "அம்மா இதிலே கணக்குத் தப்பா போட்டுட்டேன், அடுத்த தடவை இப்படி மாத்தப் போறேன்" என்று அவர்கள் முன்னால் சொல்லுங்கள். கணக்கில் குறைந்த மதிப்பெண்ணோடு வரும் பிள்ளையிடம், "உனக்குக் கணக்கே வராது" என்று சொல்லாமல், "எந்தப் படியிலே தப்பினே, காட்டு" என்று கேளுங்கள். எங்கள் அக்காவின் மகள் இப்போது கருவாட்டு நோட்டைத் தானே எழுதுகிறாள். கூட்டல் கழித்தலில் அம்மாவுக்கே திருத்தம் சொல்கிறாளாம்!

உங்கள் வீட்டிலும் பாதியில் விட்ட ஒரு தொழில் இருக்கும். பரணில் ஏற்றிய தையல் மிஷினோ, மூலையில் கிடக்கும் அப்பளக் குழவியோ, வாங்கி அடுக்கிய ஊறுகாய் பாட்டில்களோ ஒன்று இருக்கும். இந்த வாரம் ஒரு மத்தியானம் ஒதுக்கி, அது ஏன் நின்றது என்று ஐந்து கேள்விகளையும் எழுதிப் பாருங்கள். மறுபடி ஆரம்பிக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காரணம் என்ற இடத்தில் மட்டும், தயவுசெய்து, "ராசி" என்று எழுதிவிடாதீர்கள்.